கல் பார்க்கிற கண்

சொட்டு ஜில்லென்று விழவில்லை.

அவர் இமையை மூடியபடி யோசித்தார். மூன்று நாளாக விழுந்ததெல்லாம் பனிக்கட்டி. ஃப்ரிட்ஜிலேயே வைக்க வேண்டிய மருந்து. திங்கட்கிழமை காலை இது மட்டும் அறைச் சூட்டில் இறங்கியது.

"புது பாட்டில்ணே," என்றாள் முதலாளியம்மா. "அசையாமப் படுங்க."

சொந்த மாமனார் வாயில் கடைசித் தண்ணீர் விடவே ஆள் அனுப்பியவள். ரத்தினக் கடையில் கல்லின் தரம் பார்க்கும் கிழவருக்கு, தன் வீட்டு மாடியிலேயே படுக்கை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் படியேறி வந்து சொட்டு விடுகிறாள்.

அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

வலது கண். முப்பத்தாறு வருடமாக லென்ஸை இடுக்கிக் கல் பார்த்த கண். இடது கண்ணுக்கு எல்லாமே மங்கல்தான். சோறு பார்க்க ஆகும்.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தார். கருவிழியில் மரக்கிளை மாதிரி ஒரு புண். அக்கி என்றார். உதட்டில் வருகிற கிருமி கண்ணில் ஏறியிருக்கிறது. இந்தச் சொட்டை விடாமல் போட்டால் இரண்டு வாரத்தில் ஆறும். சிவப்பு போவதற்கு மருந்துக் கடையில் ஒரு ஸ்டீராய்டு சொட்டு தருவார்கள், அது மட்டும் கூடாது. இரண்டு நாள் சுகமாக இருக்கும். புண் உள்ளே தின்றுகொண்டே போகும். பார்வை மிஞ்சாது.

முதலாளி பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வியாழக்கிழமை இலங்கையிலிருந்து நீலம் வருகிறது. பட்டை போடாத கல். நெல்லிக்காய் பருமன். வீட்டையும் கடையையும் அடகு வைத்து வாங்கப்போகிற கல். அதைப் பார்க்க இந்தக் கண்ணைத் தவிர வேறு கண்ணை முதலாளி நம்பமாட்டார்.

செவ்வாய்க்கிழமை உறுத்தல் போனது.

புதன்கிழமை சிவப்பு போனது.

அவர் கண்ணாடி முன் நின்று சிரித்துக்கொண்டார். முதலாளியம்மா கைராசி.

வியாழக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தில் கல்லைத் திருப்பினார். துல்லியமாகத் தெரிந்தது. நீலத்தின் நடுவே, குறுக்காக, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். பட்டை தீட்டச் சாணையில் வைத்த மறுநிமிடம் இரண்டாகப் பிளக்கும்.

உதட்டைப் பிதுக்கப் போனார்.

"ஐயாவுக்குக் கண் சுகமில்லை எண்டு கேள்விப்பட்டேனே," என்றார் இலங்கை வியாபாரி.

முதலாளி சிரித்தார். "டாக்டர் மருந்துன்னா ரெண்டு வாரம் இழுத்திருக்கும். உங்க கல்லு காத்திருக்குமா? திங்கக்கிழமையே மாத்திட்டேன். மருந்துக் கடையில வாங்கின சொட்டு. சிவப்பு போயே போச்சு. இப்பப் பாருங்க, கண்ணு பளிங்கு."

கிழவர் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை.

கல் கையிலேயே இருந்தது.

இடது கண்ணை மட்டும் தூக்கி முதலாளியைப் பார்த்தார். புகைக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இனி அந்த முகம் இப்படித்தான் தெரியும்.

பெண்டாட்டி முகமும். பேரன் முகமும்.

"என்னண்ணே, கல்லு எப்படி?"

அவர் மறுபடி குனிந்தார். அவசரப்படவில்லை. நீலம் அடிவரை இறங்கிக் கிடந்தது. விரிசலைத் தாண்டி அந்தப் பக்கமும் நீலம். பசித்தவன் சாப்பிடுவது போல் பார்த்தார்.

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்திருங்கண்ணே. என் குடியே இதுலதான் இருக்கு."

"பார்த்துட்டேன் முதலாளி," என்றார் அவர். "சுத்தமான கல்லு. இன்னைக்கே சாணைக்கு அனுப்புங்க."