இரைச்சல் அடங்கிய மதியம்

செத்துப்போன அக்கா கடைசியாக அனுப்பிய குரல் பதிவை, வெல்டர் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பான். "சாப்டியாடா எருமை?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு இயர்போனில் உஸ்ஸென்று இரைச்சல். "சாப்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறக்காமலே வேலைக்குப் போய்விடுவான். அவள் போனதிலிருந்து தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒரு இம்பீடன்ஸ் அடாப்டர் கொடுத்தான். "ஃபோனுக்கும் இயர்போனுக்கும் நடுவுல மாட்டுண்ணே. இரைச்சல் அடங்கிடும். குரலும் இறங்கும், வால்யூமைக் கூட்டிக்க."

மாட்டினான். இரைச்சல் சுத்தமாக நின்றது. அக்கா குரல் கொஞ்சம் மெலிந்து, பக்கத்தில் கேட்டது.

"சாப்டியாடா எருமை?"

"சாப்டேன்க்கா."

"பொய் சொல்லாத. மூடியே தொறக்கல."

அவன் டப்பாவைத் திறந்தான். ஒரு மூச்சில் முடிந்துவிடும் பதிவு, அன்று அவன் கடைசி வாய்ச் சோற்றை விழுங்கும்வரை ஓடியது. "தண்ணி குடி" என்ற பிறகுதான் நின்றது.