விழாத பேய்

"பேய்னா பயமுறுத்தட்டும், வேண்டாங்கலை. என் பையன் கையைப் பிடிக்க அந்த ஆள் யாரு? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறீங்க. இல்லேன்னா நான் போலீசுக்குப் போறேன்."

அந்த அப்பா மேஜையைத் தட்டிய தட்டில் மேனேஜரம்மாவின் டீ தளும்பிக் கோப்புகள் மேல் கொட்டியது.

எதிரே பேய் நின்றுகொண்டிருந்தது. முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்ததால், கழுத்துக்குக் கீழே கறுப்பு ரோமம், மேலே ஐம்பது வயசும் மூக்குக்கண்ணாடியும்.

பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் வீட்டில் அவருக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். எல்லாருக்கும் பேயண்ணன். வேலை சுலபம்தான். இருட்டு நடையில் பாய்ந்து வந்து உறும வேண்டும். பிள்ளைகள் பஞ்சு வைத்த நெஞ்சில் குத்தினால் அலறிக்கொண்டு விழ வேண்டும். பேய் விழுவதைப் பார்க்கத்தான் கூட்டமே வருகிறது. அந்த யோசனை மேனேஜரம்மாவுடையது. வருகிறவர்கள் மேல் பேயின் கை பட்டால் வேலை போய்விடும் என்று எழுதி ஒட்டி வைத்ததும் அவள்தான்.

"அண்ணே, பையன் கையைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன் மேடம்."

"கேட்டுக்குங்க! வாயாலயே ஒத்துக்கறான்!"

"முறுக்கினீங்களா?"

"இல்லை மேடம். பிடிச்சேன், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

பேயண்ணன் ஓரத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். எட்டு வயசிருக்கும்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை மேடம்."

மேனேஜரம்மா கேமரா பதிவை ஓடவிட்டாள். சத்தமில்லாத சாம்பல் படம். பேய் பாய்கிறது. அப்பா பின்னால் நின்று செல்போனில் படம் எடுக்கிறார். பையனின் முதுகு மட்டும் தெரிகிறது. குத்துகிறான். பேய் விழவில்லை. இன்னொரு குத்து. பேய் முழங்காலிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்க்கிறது.

"போதுமா? பையன் பயந்த சுபாவம்மா. ஆம்பளைப் பையன் இப்படி இருந்தா நாளைக்கு எவன் மதிப்பான்? அதான் மாசம் ரெண்டு தடவை கூட்டிட்டு வர்றேன். இப்பத்தான் ஒரு வழியா தேறி வர்றான். அதுக்குள்ள இந்த மிருகம் கையைப் பிடிச்சு... பாருங்க, எப்படி மிரண்டு போயிருக்கான்!"

"அப்பா, இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றான் பையன்.

"சும்மா இருடா."

மேனேஜரம்மாவுக்குத் தர்மசங்கடம். இந்த வயசில் வேறு எவரும் இவருக்குப் பேய் வேலை தரப்போவதில்லை. ஆனால் படம் கண்ணெதிரே நிற்கிறது. ஒரு காரணம் சொன்னால்கூட முதலாளியிடம் பேசிப் பார்க்கலாம். மனுஷன் வாயைத் திறந்தால்தானே?

"கடைசியாக் கேக்கறேன் அண்ணே. எதுக்குப் பிடிச்சீங்க?"

"தப்புதான் மேடம். ராஜினாமாவுல எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டார். அப்பா மன்னிப்போடு இரண்டு இலவச டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு, பையன் தோளில் கை போட்டபடி வெளியேறினார்.

கதவு சாத்தியதும் மேனேஜரம்மா பொரிந்து தள்ளினாள். "பன்னிரண்டு வருஷமா ஊர்ப் பிள்ளைங்ககிட்ட எல்லாம் அடி வாங்கினவர், இன்னிக்கு என்ன ரோஷம் பொத்துக்கிட்டு வந்துது?"

"ரோஷமெல்லாம் இல்லை மேடம். பயம்."

"பயமா? யாருக்கு?"

"எனக்குத்தான்." பேயண்ணன் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "முதல் தடவை வந்தப்போ அந்தப் பையன் குத்தவே மாட்டேன்னு அழுதான். 'உள்ளே ஒரு அங்கிள் இருக்காருப்பா, வலிக்கும்'னான். அவங்கப்பா முதுகுல ஒண்ணு வெச்சார். உடனே என்கிட்ட வந்து, காதோட காதா, 'நான் மெதுவாத்தான் குத்துவேன் அங்கிள், நீங்க பெரிசாக் கத்திடுங்க'ன்னான். கத்திட்டு விழுந்தேன். அப்பா கை தட்டினார். கூட இருந்தவங்களும் தட்டினாங்க."

"சரி..."

"அடுத்த தடவையும் அதே மாதிரி காதுல சொல்லிட்டுத்தான் குத்தினான். அப்புறம் வந்தப்போ ஒண்ணும் சொல்லலை. குழந்தைதானே, மறந்திருப்பான்னு நினைச்சேன். விழுந்தேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு யாரும் அவனைக் குத்தச் சொல்லலை மேடம். அவனே ஓடி வந்தான். நெஞ்சுல குத்திப் பார்த்தான், பஞ்சு. அப்புறம் பஞ்சு இல்லாத இடமாத் தேடி, விலாவுல குத்தினான். குத்திட்டு என் கண்ணையே பார்த்தான். எனக்கு வலிச்சது தெரிஞ்சதும் சிரிச்சான். மறுபடி கையை ஓங்கினான். நான் விழுந்து விழுந்துதான் இவன் இப்படி ஆயிட்டானோன்னு தோணிப்போச்சு. பிடிச்சுட்டேன்."

மேனேஜரம்மா அவர் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தாள்.

"இதை அந்த மனுஷன் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே அண்ணே! வேலையாவது மிஞ்சியிருக்கும்."

"பையனும் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தானே மேடம். எட்டு வயசுல, அவன் காதுபட அவனுக்கு அப்படி ஒரு பேரை வெச்சுட்டா, அப்புறம் அவன் அதாவே ஆயிட மாட்டானா?"