அறுந்துபோன ஆமைப் படம்

"ஏலே கர்ணா! கடைசியில படத்த அத்துத் தொலைச்சிட்டியாடா?"

சுருளிப்பட்டி டூரிங் டாக்கீஸ் முதலாளி சுயம்புலிங்கம் மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு ஓடினார். திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம். சற்று முன்புவரை அங்கே ஒரு கடலாமை நீந்திக்கொண்டிருந்தது. மிதந்து வந்த பாலிதீன் பையை இரை என்று நினைத்து ஆவென்று வாயைத் திறந்தது. அத்தோடு சரி. விசில் சத்தம் காதைக் கிழித்தது.

ஆபரேட்டர் கர்ணன் தலையைச் சொறிந்தான். "என்னைய ஏன் வையுறீக மொதலாளி? டீச்சரைக் கேளுங்க."

"அவுகளை என்னத்தக் கேக்க? மூணு மாசமா கண்ணு நோக வரைஞ்சு குடுத்தாக. அதை ஒழுங்கா ஓட்டத் துப்பில்ல உனக்கு!"

அவர் பதற்றம் அவருக்கு. கூடாரத்தில் விற்கிற கடலையும் முறுக்கும் அந்த வருஷம்தான் காகிதப் பொட்டலத்தை விட்டுப் பாலிதீன் பைக்கு மாறியிருந்தன. தின்றுவிட்டு எறிந்த பைகளெல்லாம் காற்றில் பறந்துபோய்ப் பக்கத்து வாய்க்காலில் விழுந்து மடையை அடைத்துக்கொண்டன. வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள மடை சுத்தமாகணும். இல்லேன்னா கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு நடையைக் கட்டும்!" என்று போன வாரம் விவசாயிகள் சார்பாக நல்லகண்ணு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

சுயம்புலிங்கம் ஆரம்பத்திலேயே குப்பைக் கூடை வைத்தார். மைக்கில் கெஞ்சினார். திட்டியும் பார்த்தார். யார் கேட்டார்கள்!

அப்போதுதான், மூன்று மாதத்துக்கு முன்னால், டிராயிங் டீச்சர் ஞானசெல்வி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "உங்ககிட்ட கெடக்குற பழைய பிலிம் துண்டையெல்லாம் குடுங்க அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் பண்ணித் தாரேன்" என்றார். சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிலிமை வெளுக்கவைத்து, கட்டம் கட்டமாக மையால் வரைந்தார்.

"நம்ம ஊர்ல ஏது டீச்சர் கடலு?" என்று சுயம்புலிங்கம் அப்போதே கேட்டார்.

"இந்த வாய்க்கா எங்க போவுது அண்ணாச்சி?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

சுயம்புலிங்கம் பழைய பிலிம் பெட்டியைத் தூக்கிவந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

இன்றைக்கு வியாழன் ஆகிவிட்டது. இருந்த ஒரு நம்பிக்கையும் இப்படி வெளுத்துப் போச்சே என்று மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆமை தின்னுருச்சா டீச்சர்?" முன்னாலிருந்து சொர்ணலதா கத்தினாள். நல்லகண்ணுவின் பேத்தி அவள்.

ஞானசெல்வி திரைக்கு முன்னால் வந்து நின்றார். "எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பையை யாராச்சும் எடுத்துட்டா, தின்னாது."

சொர்ணலதா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். அங்கே கிடந்த பையை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் எடுத்தாள். அப்புறம் பெரிய படம் ஓடி முடிந்து கூட்டம் கலைந்தபோது மணலில் ஒரு பைகூட இல்லை. இருந்தும் மடை அடைத்தது அடைத்தபடியேதானே இருக்கிறது! சுயம்புலிங்கத்துக்கு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை.

காலையில் நல்லகண்ணு விறுவிறுவென்று வருவதைக் கண்டதும் அவர் கூடாரக் கயிற்றை அவிழ்க்கவே போய்விட்டார்.

"யோவ், பிள்ளைகளுக்கு என்னய்யா மருந்து வச்சீரு?" என்றார் நல்லகண்ணு. வேட்டியெல்லாம் சேறு. "விடிஞ்சதும் விடியாததுமா எல்லாம் வாய்க்கால்ல எறங்கி நிக்குதுக. பையை எடுக்கலேன்னா ஆமை செத்துருமாம்ல! எம் பேத்தி என்னையும் எறக்கி விட்டுட்டா. மடையில தண்ணி பிச்சுக்கிட்டுப் போகுது. கூடாரம் இங்கனயே இருக்கட்டும்யா!"

சுயம்புலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படியே டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

"டீச்சர், நீங்க நல்லாருப்பீக! அத்துப்போன எடத்துல ஒட்டி, மிச்சப் படத்த இன்னைக்கே போட்டுருவோம். ஆமை என்னாச்சு, ஆமை என்னாச்சுன்னு பிள்ளைக உசுர வாங்குதுக. எனக்கே தெரிஞ்சாகணும்."

"அத்துப் போயிருந்தால்ல அண்ணாச்சி ஒட்டணும்?" ஞானசெல்வி சிரித்துக்கொண்டே, ராத்திரியே வீட்டுக்கு வாங்கிவந்திருந்த பிலிம் சுருளை எடுத்து நீட்டினார். "பாவம் கர்ணன், உங்ககிட்ட வீணா வசவு வாங்கிட்டாரு."

ஒன்றும் புரியாமல் சுயம்புலிங்கம் பிலிமின் கடைசி நுனியை இழுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வாயைத் திறந்த ஆமைக்கு அடுத்து, யார் கண்ணிலும் படாமல் ஓடி மறைந்திருந்த ஒரே ஒரு கட்டத்தில், எறும்பு எழுத்தில் எழுதியிருந்தது: 'சுபம்'.