பூஜையறை நிலை

"நேராத் தெரியுதா? சொல்லுங்க!" என்றாள் மங்கதாயாரு.

கட்டுப் பிரித்த அந்த ஒற்றைக் கண்தான் அவள் கணவர் பூஷணத்துக்கு மிச்சம். அதன் உள்ளே கண்டபடி முளைத்த ரத்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்க, காக்கிநாடா ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு என்சைம் ஊசி போட்டிருந்தார்கள். நேரான பொருள் வளைந்து தெரிந்தால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம் என்றிருந்தார் டாக்டர்.

பூஷணம் பூஜையறை வாசல் நிலையைப் பார்த்தார்.

"கோணலாத்தான் தெரியுது, தாயாரு."

அவள் அவர் முகத்தைப் பிடித்து நிலைப் பக்கம் திருப்பினாள். "நல்லாப் பாருங்க!"

"நிலை வச்ச அன்னிக்கே சொன்னேன். நீதான், 'என் தம்பி வேலையில குத்தமா? உங்க கண்ணுலதான் கோளாறு'ன்னு சண்டைக்கு வந்தே."

மங்கதாயாரு சட்டென்று எழுந்தாள். சாவிக்கொத்தைக் கயிற்றில் கட்டி, நிலையின் மேல் மூலையிலிருந்து தொங்கவிட்டாள். கயிறு நேராக நின்றது. நிலை, கீழே இரண்டு விரற்கடை விலகியிருந்தது.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய் நூக்கராஜு, உருப்படாதவனே! நிலையைக் கோணலாத்தான்டா வச்சிருக்கே!"

"அதுக்கு ஏன்க்கா அழறே?"

"நீ நல்லா இருக்கணும்டா, மகராசா!"