அருள்மலரின் முறைப்பாடு

தொண்ணூற்றாறில் வேலைக்காக கனடாவின் ரொறன்ரோ நகரை விட்டு, மூன்று மணி நேரத் தூரத்திலிருந்த ஒரு பண்ணை ஊருக்குக் குடும்பத்தோடு குடிபோனான் இக்னேசியஸ். ஆறு மாதம் கழித்து, தங்கையின் மகளுடைய பிறந்தநாளுக்காக ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்த அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றும்போதே அவன் மனைவி அருள்மலர் தொடங்கிவிட்டாள்.

“அதுவும் ஒரு ஊரே? மனிசரை விட மாடுதான் கூட. நல்ல மீன் இல்லை, தமிழ்ப் பூசை இல்லை.”

“அங்க வீடு மலிவாமே, மச்சாள்?” என்று கேட்டாள் தங்கை ஜசிந்தா.

“மலிவுதான். பேய்கூட அங்க குடியிருக்காது!”

அவனுடைய மூன்று தங்கைகளும் உச்சுக்கொட்டினார்கள். இக்னேசியஸ் கடித்த பற்றிஸ் பலகாரத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். கட்டியவளை இப்படி வதைத்துவிட்டோமே என்று நெஞ்சு சுட்டது.

லிஃப்ற்றில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்தான்.

“இனிக் கவலைப்படாதையும், மலர். நாளைக்கே வேலையை விடுறன். இஞ்சயே திரும்பி வருவம்.”

அருள்மலர் பதறிப்போய்க் கையை உதறினாள்.

“உங்களுக்கென்ன விசரே? கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசத்தில இப்பத்தான் நிம்மதியா இருக்கிறன். நல்ல இடமெண்டு நான் வாய் திறந்திருந்தா, உங்கட தங்கச்சிமார் மூண்டு பேரும் வாற மாசமே பக்கத்து வீட்டில வந்து நிப்பினம்!”