அண்ணன் பக்கத்து ஜன்னல்

தணிகாசலத்தின் மேற்கு ஜன்னல், சந்துக்கு அப்பால் இருந்த அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. சொத்து பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அன்றைக்கே தணிகாசலம் அந்த ஜன்னலின் மரக்கதவுகளை ஆணியடித்து மூடிவிட்டார். அவை கறையான் அரித்து உதிரத் தொடங்கியதும் அலுமினிய ஜன்னல் போட ஆள் வந்தது. எந்தக் கண்ணாடி என்று கேட்டான்.

"அங்கேருந்து பாத்தா நாங்க தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப ரிஃப்ளெக்டிவ் போட்டுடலாம் சார். வெளியிலேருந்து பாத்தா முகம் பாக்குற கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா மழை இருட்டுல உள்ள லைட்டப் போட்டீங்கன்னா எல்லாம் தெரிஞ்சிடும்."

பொருத்திய மறுநாள் காலை, அண்ணன் சொம்புத் தண்ணீரோடு தன் ஜன்னலில் வந்து நின்று, இந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யத் தொடங்கினார்.

"பாத்தியா திமிர? நம்ம ஜன்னல்ல மூஞ்சி பாத்துச் செரைக்கிறாரு" என்று தணிகாசலம் மனைவி செண்பகத்திடம் கத்தினார். ஆனால் அன்றிலிருந்து காப்பியை அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டுத்தான் குடித்தார்.

ஐப்பசியில் ஒரு காலை வானம் கறுத்துக் கிடந்தது. அண்ணன் சவரத்தை முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காதுக்குக் கீழே கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. தணிகாசலத்தின் கை தானாகத் தன் காதுக்குக் கீழே போய்த் துடைத்தது. அந்த நேரம் பார்த்து, சீப்பைத் தேடி வந்த செண்பகம் விளக்கைப் போட்டாள்.

அண்ணன் அசையாமல் பார்த்தார். பிறகு காதுக்குக் கீழே துடைத்துவிட்டு, போய்விட்டதா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக் காட்டினார்.