காம்பராச் சாவிக்குக் காசோலை

தேயிலைத் தோட்ட நிர்வாகம் காத்தமுத்துவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த சேவைக்காலப் பணம் ஆறு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து முந்நூறு ரூபாய். முப்பத்தேழு வருட உழைப்பின் விலை. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் அது கைக்கு வரவில்லை.

காரணம் தோட்டத்து வழக்கம். தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தால்தான் காசோலை. காத்தமுத்துவின் பிள்ளைகள் யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. ஆகவே காம்பராவில் இருக்க அவருக்கு உரிமையில்லை. காசோலையை வாங்கினால் கூரை போகும். கூரையைப் பிடித்துக்கொண்டால் காசோலை வராது. அந்தப் பணத்துக்குப் பக்கத்து ஊரான ஓப்பநாயக்கவில் ஒரு கோழிக்கூடு வைக்கக்கூட நிலம் கிடைக்காது.

பெரிய கிளாக்கர் யோகராஜுக்கு இந்தக் கவலை கிடையாது. அவரும் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவரும் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியவர்தான். ஆனால் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக் கழிவு என்று இருபது வருடமாக அவர் வெட்டிய கிலோக்கள், ஓப்பநாயக்கவில் ஒரு பழைய வீடாக மாறி, பிறகு மாடியும் நீல ஓடுமாக உயர்ந்து நின்றன. கீழே குடியிருப்பது, மேல்மாடியை வாடகைக்கு விடுவது. அதுதான் அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பென்சன்.

ஆபீசுக்குத் தேநீர் குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இதைப் பாடமாக எடுப்பார்.

"வீடு வாங்குறது பெருசில்ல. வரிக்காரன் கேட்காத மாதிரி வாங்கணும். எம் பேரும் ஆகாது, டீச்சர் வேலை பாக்குற எம் பொஞ்சாதி பேரும் ஆகாது. எழுத வேண்டியவங்க பேர்ல எழுதியாச்சு. நாளைக்கு எவனாவது காசு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, அது என் வீடே இல்லைன்னு சொல்லிருவேன். அஞ்சு வருசமா வீட்டுக்குக் கட்டச் சொல்லி ஒரு சோலை வரிச் சீட்டாவது எனக்கு வந்துச்சா? பிரதேச சபை கண்ணுக்கே அந்த வீடு தெரியல."

காத்தமுத்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். முழங்கால் மலையேற மறுத்த பிறகு அவர் தோட்டத்துத் தப்பால்காரர். தினமும் தபாலகத்துக்கு நடந்துபோய்த் தோட்டத்துக் கடிதப் பையைச் சுமந்து வந்து, பேர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். ஓய்வுக்குப் பிறகும் நாள் கூலிக்கு அதே வேலை. சனிக்கிழமைகளில் கிளாக்கரின் மாடிவீட்டைத் திறந்து கூட்டிவிட்டு வருவதும் அவர்தான். அதற்குக் கூலி கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன் கிளாக்கர் அவரைப் பெல்மதுளை டவுனுக்குக் கூட்டிப்போய், பத்திரம் முடிக்கும் ஒரு நொத்தாரிசின் மேசையில் கையெழுத்து வாங்கியிருந்தார். எதற்கு என்று கேட்டபோது, சேவைக்காலப் பணம் விஷயமாகத்தான் என்றார். ஐயாயிரம் ரூபாயும் அரைப் போத்தல் சாராயமும் கொடுத்தார்.

அரைப் போத்தலைப் பார்த்த அன்றே காத்தமுத்துவின் மனைவி ஜெயம்மாவுக்குச் சந்தேகம். பணத்தை மனுசன் கிளாக்கருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று லயம் முழுக்கச் சொன்னாள். லயமும் அதையே நம்பியது.

அந்த வெள்ளிக்கிழமை காத்தமுத்து தானாகவே ஆபீசுக்கு வந்து, காம்பராவைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார். கிளாக்கர், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் இரக்கப்பட வேண்டியிருக்கும்.

காத்தமுத்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியை மட்டும் கழற்றி மேசையில் வைத்தார்.

தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட காசோலை நாலு மாதமாக அலுமாரியில் கிடந்தது. கிளாக்கர் எடுத்துக் கொடுத்தார். காத்தமுத்து பற்றுச்சீட்டை எழுத்தெழுத்தாக நிரப்பி, கையோடு கொண்டுவந்திருந்த சில கடதாசிகளையும் பின்னால் ஊசி குத்தி நீட்டினார். அடையாள அட்டைப் பிரதியாக்கும் என்று எண்ணி, கிளாக்கர் புரட்டிப் பார்க்காமலே 'கொடுத்துத் தீர்ந்தது' என்று முத்திரை குத்தினார்.

"சரி, ஒங்க கணக்கு முடிஞ்சிருச்சு. மத்தியானம் பெல்மதுளைக்கு வாங்க. அந்த நொத்தாரிசுகிட்ட இன்னொரு சின்னக் கையெழுத்து இருக்கு. அதுக்கும் ஐயாயிரம்."

"எதுக்குங்க ஐயா?"

"சொன்னா ஒங்களுக்கு வெளங்காது, காத்தமுத்து."

"இன்னைக்கு ஏலாதுங்க. பட்டா லொறியில சாமானெல்லாம் போயிருச்சு, ஜெயம்மா தனியா எறக்கிக்கிட்டு இருப்பா. பேசணும்னா நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்களேன்."

"எந்த வீட்டுக்கு?" கிளாக்கருக்குச் சிரிப்பு வந்தது.

"சீட்டுல எழுதியிருக்கேங்க. மேல்மாடி சும்மாதான் கெடக்கு. குவாட்டர்ஸ விட்டா ஐயாவும் எங்கதான் போவீங்க? வாடகைய பாத்து வச்சுக்கலாம்."

அவர் படியிறங்கிப் போன பிறகு கிளாக்கர் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தார். புதிய வதிவிடம் என்ற இடத்தில் நீல ஓட்டு வீட்டின் இலக்கம் இருந்தது.

பின்னால், வதிவிட அத்தாட்சியாக, ஐந்து வருடமும் தவறாமல் கட்டிய சோலை வரி ரசீதுகள். ஒவ்வொன்றிலும், வீட்டு உரிமையாளர் காத்தமுத்து, பாக்கி இல்லை.